பழைய வண்டிக்கு மீண்டும் வந்த வெப்பம்

(பத்தாம் வகுப்பு மாணவி எழுதிய அறிவியல் விளக்கக் கட்டுரை)



"ஹீட்டர்" என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். சித்திரை வெயிலில் வகுப்பறை விசிறி நின்றுவிட்டால் நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொள்பவர்கள் நாம். நமக்கு ஹீட்டர் எதற்கு? சென்ற ஆண்டு வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். என் சித்தப்பா சொன்ன ஒரு செய்தி அந்த எண்ணத்தை மாற்றியது. நாம் வகுப்பில் மனப்பாடம் செய்யும் வெப்பவியல் பாடம் ஒரு குடும்பத்தின் உயிரையும் பணத்தையும் காக்க வல்லது என்பதை அன்று உணர்ந்தேன். அதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சித்தப்பா குடும்பம் அமெரிக்காவின் வட எல்லையில், கனடாவை ஒட்டியுள்ள மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு சிற்றூரில் வசிக்கிறது. அம்மாநிலத்தில் இன்டர்நேஷனல் ஃபால்ஸ் என்றோர் ஊர் உண்டு. அது தன்னை "நாட்டின் பனிப்பெட்டி" என்றே பெருமையாக அழைத்துக்கொள்கிறது. அப்பகுதியில் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை சுழிக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸ் வரையிலும் இறங்குவதுண்டு. நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் பனிக்கட்டி அறைகூடச் சுழிக்குக் கீழே 18 டிகிரி அளவில்தான் இருக்கும். அப்படியானால் அந்தக் குளிர் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்!

சித்தப்பா குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஒரு முதிய விவசாயி. அவர் தம் கொட்டகையில் பல்லாண்டுகளாக நின்றிருந்த பழைய பிக்கப் வண்டியைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். பிக்கப் என்பது முன்னால் மூவர் அமரும் சிற்றறையும் பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டியும் உள்ள வண்டி. இது 1970-களில் செய்யப்பட்டது. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கோடையில் நன்றாக ஓடிற்று. டிசம்பர் வந்ததும் ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்றே வந்தது. சித்தியின் மூச்சுக்காற்று முன்கண்ணாடியின் உட்புறம் பட்டு அப்படியே உறைந்து படலமாயிற்றாம். ஒரு மாலை, சித்தப்பா கையால் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டே ஓட்டியபோது, வண்டி சாலையோரப் பனிக்குவியலில் ஏறி நின்றுவிட்டது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை.

பட்டறை ஒன்றில் கேட்டதற்கு, ஹீட்டர் பெட்டி முழுவதையும் கழற்றி எல்லாவற்றையும் புதிதாகப் போடவேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை ஒரு மாத வீட்டு வாடகையைவிட அதிகம். சித்தப்பா மனம் சோர்ந்து திரும்பினார். அப்போது அந்த முதியவர், "சனிக்கிழமை வாருங்கள். முதலில் என்ன குறை என்று பார்ப்போம். குறை தெரியாமல் பணம் கொடுக்க வேண்டாம்" என்றாராம். அந்தச் சனிக்கிழமை நடந்ததைத்தான் சித்தப்பா தொலைபேசியில் எங்களுக்கு விரிவாகச் சொன்னார். நான் இயற்பியல் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு குறித்துக்கொண்டேன்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

இவ்வகை வண்டிகளில் ஹீட்டருக்கென்று தனியாக எரிபொருள் எதுவும் எரிவதில்லை. எஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் சக்கரத்தைச் சுற்ற உதவுகிறது. எஞ்சியது வெப்பமாகிப் புகையோடும் குளிர்விக்கும் நீரோடும் வெளியேறுகிறது. வீணாகும் அந்த வெப்பத்தில் ஒரு சிறு பங்கைத் திருப்பிவிட்டு மனிதருக்குப் பயன்படுத்துவதே ஹீட்டர்.

எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரை ஒரு பம்பு தள்ளுகிறது. சூடான நீர் வண்டியின் முன்னே உள்ள பெரிய ரேடியேட்டருக்குப் போய் ஆறித் திரும்புகிறது. அதே சூடான நீரின் ஒரு கிளை, ரப்பர் குழாய் வழியாக, டாஷ்போர்டுக்கு அடியிலுள்ள ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் செல்கிறது. இதனை ஹீட்டர் கோர் என்பர். பழைய வண்டிகளில் இது செம்பும் பித்தளையும் கொண்டு, மெல்லிய குழல்களும் தகடுகளுமாகச் செய்யப்பட்டிருக்கும். அதன் மீது ஒரு மின்விசிறி காற்றை வீசுகிறது. காற்று சூடாகிக் காலடிக்கும் முன்கண்ணாடிக்கும் செல்கிறது. சூட்டை இழந்த நீர் இன்னொரு குழாய் வழியே எஞ்சினுக்குத் திரும்புகிறது.

இதில் நம் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. எஞ்சின் சுவரிலிருந்து நீருக்கு வெப்பம் வருவது கடத்தல்; நீரும் காற்றும் அதைச் சுமந்து செல்வது சலனம். நீரை ஏன் பயன்படுத்துகிறார்கள்? நீரின் தன்வெப்பம் மிக அதிகம். ஒரு கிலோகிராம் நீர் ஒரு டிகிரி ஆறும்போது சுமார் 4,186 ஜூல் வெப்பத்தை விட்டுச் செல்கிறது. எடுத்துக்காட்டாக, நிமிடத்திற்கு 6 லிட்டர் நீர் ஹீட்டர் வழியே ஓடி 10 டிகிரி ஆறினால், விநாடிக்கு 4,186 ஜூல் கிடைக்கும். அதாவது, ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் நான்கு ஒரே நேரத்தில் தரும் வெப்பம்! ஒரு சிற்றறைக்கு இது போதும் அன்றோ?

ஃபோர்டு நிறுவனத்தின் எஃப் வரிசைப் பிக்கப்புகள் 1948-இலும், அவற்றுள் எஃப்-100 என்ற பெயர் 1953-இலும் வந்தன. 1967 முதல் 1972 வரை வந்த செவ்ரோலே சி-10 வண்டிகளும் இன்று பலரால் விரும்பிக் காக்கப்படுகின்றன. இவற்றுள் நுணுக்கமான வேறுபாடுகள் இருப்பினும் ஹீட்டரின் அடிப்படை ஒன்றே. எனவே ஒன்றை அறிந்தால் மற்றவற்றையும் அறிந்துகொள்ளலாம்.

முதலில் உயிர், பிறகு வெப்பம்

சனிக்கிழமை காலை அந்த முதியவர் திருப்புளியையோ ஸ்பானரையோ தொடவில்லை. "வண்டியில் போகும்போது யாருக்காவது தலை வலிக்கிறதா?" என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. சித்தி திடுக்கிட்டார். அவர்களுடைய நான்கு வயது மகள், கடைக்குப் போய் வரும்போதெல்லாம் தலை வலிக்கிறது என்று சிணுங்குவாள். வீட்டுக்கு வந்து சற்று நேரத்தில் சரியாகிவிடும். குளிரினால் என்று அவர்கள் எண்ணியிருந்தனர். அதைக் கேட்டதும் முதியவரின் முகம் மாறிவிட்டதாம்.

எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான ஈர்ப்புடன் இவ்வாயுவைப் பற்றிக்கொள்கிறது. அதனால் உடலுக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போகிறது. முதலில் தலைவலி, மயக்கம், குமட்டல், பிறகு உறக்கம், அந்த உறக்கத்திலிருந்து எழாமலே போவதும் உண்டு. வண்டியை விட்டு இறங்கியதும் சரியாகும் தலைவலி என்பது ஓர் எச்சரிக்கை மணி.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது, புகைக்குழாயின் இணைப்பு ஒன்று துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. அதற்கு நேர் மேலே வண்டியின் தரையிலும் துரு அரித்த ஒரு துவாரம் இருந்தது. குளிருக்குப் பயந்து கண்ணாடிகளை இறுக மூடியதால் புகை உள்ளேயே தங்கியிருக்கிறது. அன்றே முதியவர் தம் வண்டியில் சித்தியையும் குழந்தையையும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். குழந்தைக்குக் கெடுதல் ஏதும் நேரவில்லை என்று தெரிந்த பிறகே எல்லோருக்கும் மூச்சு வந்தது. புகைக்குழாயைப் புதிதாக மாற்றித் தரையில் தகடு வைத்து அடைக்கும் வரை அந்த வண்டியை யாரும் எடுக்கவில்லை. "இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது" என்று சித்தப்பா கையிலிருந்த பணத்தை முதலில் அதற்கே செலவிட்டார்.

தோழியரே, இதை நான் சற்று நீட்டி எழுதியதற்குக் காரணம் உண்டு. ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் சிலர் வண்டிக்குள் சிறிய எரிவாயு அடுப்பையோ கரியடுப்பையோ வைத்துக்கொள்கின்றனர். மூடிய இடத்தில் எரியும் எந்த நெருப்பும் இவ்வாயுவை உண்டாக்கலாம். மலைப்பகுதிக்குச் சுற்றுலா போகும் நம்மவரும், மூடிய அறையில் கரியடுப்பை மூட்டிவிட்டு உறங்கலாகாது.

கைகளே கருவி

அடுத்த சனிக்கிழமை ஹீட்டர் வேலை தொடங்கிற்று. முதியவரின் கொட்டகையில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டியபோதெல்லாம் வண்டியை வெளியே தள்ளிய பின்னரே ஓட்டினார்கள். காரணம் உங்களுக்கே தெரியும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து நீர்மட்டத்தைப் பார்த்தனர். குறைவாக இருந்தது. நீர் குறைந்தால் உயரத்தில் இருக்கும் ஹீட்டருக்குள் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். எஞ்சின் சூடாக இருக்கும்போது இம்மூடியைத் திறக்கவே கூடாது. நம் வீட்டுக் குக்கரைப் போல இதுவும் உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. சதுர அங்குலத்திற்குச் சுமார் 15 பவுண்டு அழுத்தத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்காது. 120 டிகிரி வரை போகும். குக்கரை விசில் அடங்குமுன் திறந்தால் என்ன ஆகும்? அதுவேதான் இங்கும்.

நீரை நிரப்பி, எஞ்சினை இருபது நிமிடம் ஓட்டிய பின், விசிறியிலும் பெல்ட்டிலும் படாமல் கவனமாக மூன்று இடங்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இதற்குக் காசு செலவில்லை.

முதலாவது, ரேடியேட்டரின் மேற்குழாய். எஞ்சினைக் கிளப்பியவுடனே இது மெல்ல மெல்லச் சூடேறத் தொடங்கினால், நீரைத் தடுத்து நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டது என்று பொருள். சரியான தெர்மோஸ்டாட் இருந்தால் வெகுநேரம் குளிர்ந்திருந்து, பிறகு சட்டெனச் சூடாகும்.

இரண்டாவதும் மூன்றாவதும் ஹீட்டருக்குச் செல்லும் இரு குழாய்கள். இரண்டும் நல்ல சூடாக இருந்தால், நீர் நன்றாக ஓடுகிறது. குறை காற்று வரும் வழியில் உள்ளது. ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால், ஹீட்டர் கோர் அடைபட்டுள்ளது. இரண்டும் குளிர்ந்திருந்தால், நீர் ஹீட்டருக்கே வரவில்லை. காற்றடைப்போ மூடிய வால்வோ இருக்கலாம்.

இவற்றோடு கண்ணும் மூக்கும் உதவும். காலடியில் ஈரம், வண்டிக்குள் ஒருவித இனிய வாசனை, கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம்போல மங்கல் ஆகியவை காணப்பட்டால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது என்று அறியலாம்.

சித்தப்பாவின் வண்டியில் மேற்குழாய் உடனே சூடேறத் தொடங்கிற்று. ஹீட்டர் குழாய்களில் ஒன்று வெதுவெதுப்பாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தது. நல்லவேளையாக ஒழுகல் இல்லை. எனவே புது ஹீட்டர் கோர் தேவையே இல்லை!

தெர்மோஸ்டாட் என்னும் காவலாளி

தெர்மோஸ்டாட் ஒரு சிறிய வால்வு. அதன் வயிற்றில் மெழுகு உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு மூடியிருக்கும்; நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி விரைவில் சூடாகும். குறிப்பிட்ட வெப்பநிலையில் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். அமெரிக்க வண்டிகளில் பலவற்றுக்கு இது ஃபாரன்ஹீட்டில் 195. நம் கணக்கில் ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸ். இது திறந்தபடியே நின்றுவிட்டால், கடுங்குளிரில் எஞ்சின் நீர் சூடேறவே வழியில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அறையைச் சூடாக்க முயல்வது போலத்தான்.

இதைச் சோதிப்பது எளிது. சமையலுக்கு இனிப் பயன்படுத்தப்போகாத ஒரு பழைய பாத்திரத்தில் நீர் ஊற்றி, தெர்மோஸ்டாட்டைக் கம்பியில் கட்டி, அடியில் படாமல் தொங்கவிட்டு, வெப்பமானியையும் வைத்துச் சூடேற்ற வேண்டும். எந்த அளவில் திறக்கிறது, ஆறியதும் மூடுகிறதா என்று பார்க்கலாம். கழற்றிய பழையது கொட்டகைக் குளிரிலேயே வாய் திறந்து கிடந்தது. புதியதையும் பாத்திரத்தில் சோதித்த பின்னரே மாட்டினார்களாம். மிகக் குறைந்த விலையுள்ள இந்தச் சிறு பொருளே பாதிக் குளிருக்குக் காரணமாயிருந்தது. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது எவ்வளவு உண்மை!

எதிர்த்திசையில் கழுவுதல்

தெர்மோஸ்டாட்டை மாற்ற எப்படியும் நீரை வடிக்க வேண்டும். அதே முறையில் ஹீட்டர் கோரையும் கழுவிவிட்டால், புதிய கூலண்ட்டை ஒருமுறை வாங்கினால் போதும். இதுவும் ஒரு சிக்கனம்.

ஹீட்டரின் இரு குழாய்களையும் எஞ்சின் பக்கம் கழற்றுகிறார்கள். எட்டு சிலிண்டர் செவ்ரோலே வண்டிகளில் பெரும்பாலும் சூடான நீர் அரையங்குலத்தைவிடச் சற்றுப் பெரிய குழாயில் உள்ளே சென்று, முக்கால் அங்குலக் குழாயில் பம்புக்குத் திரும்பும். நீர் வெளியேறும் குழாயின் வழியாகத் தோட்டக் குழாய் நீரை மெதுவாகச் செலுத்தினால், படிந்த சேறும் துருவும் வந்த வழியே வெளியேறும். பிறகு திசையை மாற்றி மாற்றிச் செலுத்த வேண்டும். முதலில் பழுப்பாக, காப்பித் தூள் கரைத்தது போல வந்த நீர், அரை மணி நேரத்தில் தெளிந்ததாம்.

இங்கே பொறுமை வேண்டும். பழைய கோர் ஈயப்பற்று வைத்து இணைக்கப்பட்டது. நீரை வேகமாகத் திறந்துவிட்டால் பற்று விட்டு ஒழுகத் தொடங்கும். இறுகிப்போன ரப்பர் குழாயைப் பிடித்து முறுக்கி இழுத்தாலும் கோரின் மெல்லிய மூக்கு வளைந்துவிடும். குழாயின் முனையை நீளவாக்கில் கீறி உரித்தெடுப்பதே நல்லது. புதுக் குழாய் மலிவு, புதுக் கோர் மலிவன்று. ஒழுகும் கோராக இருந்தாலும், பித்தளையாயின் ரேடியேட்டர் பட்டறையில் ஈயம் வைத்து அடைத்துத் தருவார்கள். ஒழுகலை அடைக்கும் தூள்களைக் கொட்டினால், அவை ஓட்டையோடு குறுகிய குழல்களையும் சேர்த்து அடைத்துவிடக்கூடும்.

பின்பு கூலண்ட் ஊற்றும் வேலை. வெறும் நீர் உறையும்போது கன அளவில் ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும். அந்த விரிவு இரும்பு எஞ்சினையே பிளந்துவிடும். ஆகவே எத்திலீன் கிளைக்கால் என்னும் திரவத்தைக் கலக்கிறார்கள். இதில் ஒரு வியப்பு. தனிக் கிளைக்கால் சுழிக்குக் கீழே சுமார் 13 டிகிரியில் உறைந்துவிடும். ஆனால் பாதி நீரும் பாதி கிளைக்காலுமாகக் கலந்தால் சுழிக்குக் கீழே 37 டிகிரி வரை உறையாது. கழுவிய நீர் உள்ளே தேங்கியிருந்தால் கலவை நீர்த்துப்போகும். எனவே எஞ்சினை ஓட்டிக் கலந்த பின், மிதவைக் கருவியால் அளந்து பார்த்தே முதியவர் மனநிறைவு கொண்டார். ஹீட்டரில் மாட்டிய காற்று வெளியேற வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தி, குமிழிகள் நிற்கும்வரை நீர் ஊற்றினர்.

கிளைக்கால் கொடிய நஞ்சு. சுவையோ இனிப்பு. நாயும் பூனையும் குழந்தைகளும் அறியாமல் சுவைத்துவிடக்கூடும். வடித்த பழைய நீர் முழுவதையும் மூடியுள்ள கலத்தில் பிடித்துக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்து, அதற்கென உள்ள இடத்தில் ஒப்படைத்தார்கள். சாக்கடையில் ஊற்றவில்லை.

காற்றின் வழி

இப்போது இரு குழாய்களும் தொடமுடியாத சூடு. ஆயினும் உள்ளே வந்த காற்று நலிந்தே இருந்தது. விசிறி ஓடுகிறது, காற்று எங்கே போகிறது? ஹீட்டர் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே வைக்கோல், இருக்கைப் பஞ்சு, கிழிந்த காகிதம் எல்லாம் சேர்ந்த ஓர் எலிக்கூடு! கொட்டகையில் நின்ற ஆண்டுகளில் எலிகள் அதை வீடாக்கிக்கொண்டன.

அதை உடனே துடைப்பத்தால் கூட்டவில்லை. வட அமெரிக்காவில் சில காட்டெலிகளின் எச்சத்தில் ஹாண்டா என்னும் வைரஸ் இருக்கக்கூடும். காய்ந்த தூசியைச் சுவாசித்தால் கடும் நோய் வரலாம். ஆதலால் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, கிருமிநாசினி நீரால் நன்கு நனைத்த பின்னரே அள்ளி எடுத்தார்கள்.

மேலும், கோரைச் சுற்றியிருந்த ஸ்பாஞ்சுப் பட்டை பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. அதனால் காற்று கோருக்குள் புகாமல் பக்கவாட்டில் நழுவிச் சூடேறாமலே வந்திருக்கிறது. கடையில் சுருளாக விற்கும் ஒட்டும் ஸ்பாஞ்சுப் பட்டையைச் சுற்றிலும் ஒட்டினார்கள். குளிர், சூடு என்று மாற்றும் கைப்பிடியிலிருந்து செல்லும் கம்பியும் நழுவியிருந்தது. உள்ளிருக்கும் தடுப்புக் கதவு பாதியிலேயே நின்றது. கம்பியைக் கிளிப்பில் மீண்டும் இறுக்கியதும் சரியாயிற்று. இதற்குச் செலவே இல்லை.

அவர்கள் வண்டியில் விசிறி நன்றாயிருந்தது. ஒருவேளை விசிறி அறவே சுற்றாவிட்டால் முதலில் ஃப்யூஸையும், துருப்பிடித்த எர்த் இணைப்பையும் பார்க்க வேண்டும். அதிவேகத்தில் மட்டும் சுற்றி மற்ற வேகங்களில் சுற்றாவிட்டால், தொடர் இணைப்பிலுள்ள மின்தடை எரிந்துவிட்டது என்று கொள்ளலாம். அதிவேகத்தில் மின்னோட்டம் அந்தத் தடையின் வழியே செல்வதில்லை. ஆதலால் அது மட்டும் வேலை செய்கிறது. இதுவும் நம் பாடமே!

கண்ணாடியும் இரு பெண்மணிகளும்

ஹீட்டரின் பணி கை கால்களைச் சூடாக்குவது மட்டுமன்று. முன்கண்ணாடியைத் தெளிவாக வைப்பதே அதன் முதற்கடமை. அமெரிக்க அரசின் வண்டிப் பாதுகாப்பு விதிகளுள் 103-ஆம் எண்ணுடையது, கண்ணாடியின் பனியையும் மங்கலையும் நீக்கும் அமைப்பைப் பற்றியதே. மழைநாளில் நம் ஊர்ப் பேருந்து ஓட்டுநர், ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து மறுகையால் துணிகொண்டு கண்ணாடியைத் துடைப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். மூச்சிலுள்ள நீராவி குளிர்ந்த கண்ணாடியில் படிவதே இதற்குக் காரணம்.

மற்றொரு செய்தி நம் போன்ற மாணவியருக்கு மகிழ்ச்சி தரும். 1893-ஆம் ஆண்டில் சிகாகோவைச் சேர்ந்த மார்கரெட் வில்காக்ஸ் என்ற பெண்மணி "கார் ஹீட்டர்" ஒன்றிற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அக்காலத்தில் கார் என்பது பெரும்பாலும் இரயில் பெட்டியைக் குறித்தது. 1903-இல் அலபாமா மாநிலத்து மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி, கண்ணாடியைத் துடைக்கும் வைப்பருக்குக் காப்புரிமை பெற்றார். வண்டி வேலை ஆண்களுக்கே உரியது என்று யாராவது சொன்னால் இவ்விருவரையும் நினைவூட்டுங்கள்.

செலவுக் கணக்கு

ஒரு தெர்மோஸ்டாட், அதற்கான காஸ்கெட், கூலண்ட், இரண்டு முழம் ரப்பர்க் குழாய், நான்கு கிளாம்ப், ஒரு சுருள் ஸ்பாஞ்சுப் பட்டை. இவையே வாங்கியவை. பட்டறையில் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஒரு பெரிய குறை என்று எண்ணியது, உண்மையில் பல சிறு குறைகளின் கூட்டம். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பத்தைத் திருடியிருக்கிறது. புகைக்குழாய்க்குக் கொடுத்த பணம் தனி. அதை யாரும் செலவாகக் கணக்கிடவில்லை.

முடிவுரை

வேலை முடிந்த அன்று மாலை சித்தப்பா குடும்பம் முழுவதும் கடைக்குப் போய் வந்தது. வெளியே சுழிக்குக் கீழே 20 டிகிரி. வண்டிக்குள் என் தங்கை கையுறையைக் கழற்றிவிட்டு, காற்று வரும் துவாரத்தில் இரு கைகளையும் நீட்டிக்கொண்டே வந்தாளாம். வீட்டுக்கு வந்ததும் சித்தி, "தலை வலிக்கிறதா, கண்ணு?" என்று கேட்டதற்கு, "இல்லை அம்மா, இன்னொரு தடவை போகலாம்" என்றாளாம். தொலைபேசியில் இதைச் சொல்லும்போது சித்தப்பாவின் குரல் தழுதழுத்தது. அருகிலிருந்த என் அப்பா ஒன்றும் பேசாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த முதியவர் பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். ஆனால் வெப்பம் எங்கே பிறக்கிறது, எதன் வழியே நடக்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று வரிசையாகக் கேட்கத் தெரிந்தவர். விடையைத் தம் கையால் தொட்டு அறிந்தவர். பொருளை வாங்குவதற்கு முன் காரணத்தைத் தேடியதே அவர் செய்த சிக்கனம். நம் வீட்டில் மிக்ஸி நின்றாலும் மின்விசிறி சுற்றாவிட்டாலும், "புதிது வாங்குவோம்" என்று சொல்லுமுன் நாமும் பெரியவர்கள் துணையோடு அப்படி ஒருமுறை பார்க்கலாமே! செலவைக் குறைக்கலாம்; பாதுகாப்பைக் குறைக்கலாகாது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே நாம் கற்கும் அறிவியலின் பயன் என்று கூறி என் கட்டுரையை நிறைவு செய்கிறேன்.